முன்னால் வந்தவர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் உன் இசைக்குழுவும் தேவன் தயவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை அனுப்பிய போட்டோவில் உன் கழுத்தைவிடக் கிட்டாரின் கழுத்து தடியாக இருக்கிறது.

வீட்டில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் முன் அறையில், அப்பாவின் கட்டிலுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. நீ பேசினால் அவர் ரிசீவருக்குக் கை நீட்டுகிறார். உடனே உனக்கு ஏதோ அவசர வேலை வந்துவிடுகிறது. நாலு வருடமாக நானும் பார்க்கிறேன். அதனால் இதை லேபில், சாப்பாட்டு நேரத்தில், மேஜையில் கிடந்த பிளாஸ்டர் தூசியைத் தட்டிவிட்டு எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு வருடமாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் செட் செய்துகொடுத்ததில் என் இரண்டு மணிக்கட்டும் கெட்டுப்போயிற்று. நரம்பு அழுந்துகிறதாம். விரல்கள் மரத்துப்போகின்றன. போன வாரம் முழு மேல் செட் ஒன்றை, பாலிஷ் மோட்டாரில் பிடித்துக்கொண்டிருந்தபோதே கீழே போட்டுவிட்டேன். முதலாளியம்மா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூனில் ஆபரேஷன். முதலில் வலது கை, பிறகு இடது கை. ஆறு வாரம் ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக்கூடாது என்கிறார் டாக்டர். அப்பாவுக்கு வாதத்தில் விழுந்த வலது பக்கம் இன்னும் முழுதாக வரவில்லை. கட்டிலிலிருந்து எழுப்ப வேண்டும், பொத்தான் போட்டுவிட வேண்டும், சவரம் செய்துவிட வேண்டும். அந்த ஆறு வாரம் நீ வந்து இருக்க முடியுமா?

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். நீயும் அப்படியே பதில் எழுது.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 21

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். பஸ்ஸின் கடைசி இருக்கையில், கிட்டார் பெட்டியை மடியில் வைத்து அதன்மேல் எழுதுகிறேன். எழுத்து ஆடினால் குற்றம் சாலையுடையது. உன் கையைப் பற்றிப் படித்ததும் மனசே சரியில்லை. சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாயா?

இங்கே எல்லோரும் நலம். ஒரு நல்ல செய்தி. இத்தனை வருடம் ஸ்டூடியோவில் பதிவு செய்த கேசட்தானே போட்டோம்? இந்தத் தடவை ஒரு பெரிய மைதானத்தில், ஜனங்கள் முன்னால், நேரடியாகப் பதிவு செய்யப்போகிறோம். ஆலயத்தில் நான் முதன்முதலாக எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்த அன்று, சபை மூப்பர் ஒருவர் வந்து ஒயரைப் பிடுங்கிவிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது அவர் பேரன் என்னிடம் கையெழுத்து வாங்கிப்போகிறான்.

நீ சிரிக்க ஒரு கதை சொல்கிறேன். எங்கள் பாடகரைத் தெரியும் இல்லையா, மைக்கைக் கீழே வைக்கவே மாட்டார் என்று நாங்கள் மைக் அண்ணன் என்று கூப்பிடுபவர். பாட்டு முடிந்ததும் அவர்தான் பிரசங்கம் செய்வார். கடைசியில், "மனந்திரும்புகிறவங்க எழுந்து முன்னால வாங்க" என்று அழைப்பார். அப்போது நான் மட்டும் மெதுவாக வாசிப்பேன். சோகமான ஒரு சுரக்கூட்டு, கார்ட் என்போம், அதையே சுற்றிச் சுற்றி. மைக் அண்ணன் இடது கையை விரித்துக் காட்டியதும் வெளிச்சமான கார்ட் ஒன்றுக்கு மாறுவேன். அந்த இடத்தில்தான் ஜனங்கள் அழுதுகொண்டே எழுந்து வருவார்கள். எங்களுக்குள் அதற்குக் 'கதவு' என்று பெயர்.

போன வாரம் ஒரு ஹாலில், பிரசங்கம் தொடங்குவதற்கு முன்பே ஹால் மேனேஜர் மைக்கைப் பிடித்தார். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது, எடுக்க வேண்டும் என்று அறிவிப்பு. மனிதருக்குப் பிறவியிலேயே துக்கக் குரல். நான் கம்பி ஒன்றை மாற்றிவிட்டு, என் சத்தம் வெளியே போகவில்லை என்று நினைத்து, பழக்க தோஷத்தில் கதவை வாசித்துவிட்டேன். அவர் கார் நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் இருபத்து மூன்று பேர் கண்ணீரோடு முன்னால் வந்து நிற்கிறார்கள்! அதில் ஒருவர் அந்த வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரர்.

டிரம்ஸ் வாசிப்பவன் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தான். வண்டி கரடுமுரடான சாலையில் இறங்கிவிட்டது, பிறகு எழுதுகிறேன்.

உன் அன்புத் தம்பி

*

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆசை. உன் கடிதத்தை லேபில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மெழுகு இழைக்கிற பெண் சிரித்ததில் பாதிப் பல் வரிசை கோணிப்போயிற்று. அப்பாவுக்கும் வாசித்தேன். அவர் சிரித்து, பல் செட் கழன்று போர்வையில் விழுந்து, அதைப் பார்த்து இருவரும் மறுபடி சிரித்தோம். "கடைசியில கார எடுத்தாரா இல்லையா?" என்று கேட்கச் சொன்னார்.

உன் கேசட்டை அவர் தினமும் போடுகிறார். சத்தமான இடம் வந்தால் குறைப்பார், குறைத்ததும் நீ கேட்காமல் போய்விட்டாய் என்று மறுபடி கூட்டுவார். பக்கத்து வீட்டுக்காரி வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனாள்.

ஒத்தடத்துக்கெல்லாம் கேட்கிற நிலையை என் கை தாண்டிவிட்டது. மூன்று பக்கக் கடிதத்தில் ஜூனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. மறந்துவிட்டாயா?

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 30

பிரியமுள்ள அக்காவுக்கு,

கர்த்தர் உன் கைகளுக்குப் பெலன் தருவாராக. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஜெபம் முடிந்த பிறகு அவர் காரை எடுத்தார் என்று அப்பாவிடம் சொல்லிவிடு.

அந்தக் கதை எனக்கு இப்போது சிரிப்பாக இல்லை, அக்கா. அந்த இருபத்து மூன்று பேரில் ஒரு அம்மா என் காலடியில் இருக்கிற கிட்டார் பெடல்களுக்கு நேர் எதிரே நின்றார். கையில் செருப்பைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, "இனிமே பேசுறேன், அவளோட பேசுறேன்" என்று தேம்பினார். அவர் யாரோடு பேசப்போகிறார் என்று தெரியாது. ஆனால் ஒரு கார் நம்பருக்குத்தான் அந்த முடிவை எடுத்தார். மறுநாளிலிருந்து கதவு வருகிற இடத்தில் என் விரல் தயங்குகிறது.

மைக் அண்ணனிடம் கேட்டேன். "டேய், அத்தனை பேர் பார்க்க, அமைதியில எழுந்து நடக்கணும்னா யாருக்குக் கால் வரும்? அந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் நீ வாசிக்கிற. உள்ள நடக்கிறது உன் கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல" என்றார்.

"அப்ப கார் நம்பருக்கு ஏண்ணே வந்தாங்க?" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். "தெரியலடா" என்றார். அதற்கப்புறம் நாலு மணி நேரப் பயணத்தில் வாய் திறக்கவில்லை. பத்து வருடத்தில் இதுதான் முதல் தடவை. நல்ல மனிதர், அக்கா. பொய் சொல்லத் தெரியாதவர்.

ஜூன் என்றாயே, அந்த மாதம்தான் மைதானப் பதிவு. அதில் கதவும் உண்டு, அதற்காகவே பதிவு செய்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். அப்பாவுக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளேன். சம்பளத்தை நான் அனுப்பிவிடுகிறேன்.

உன் அன்புத் தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

சுகம்.

ஆபரேஷன் ஜூன் பத்தாம் தேதி என்று முடிவாகிவிட்டது. ஆள் வைப்பதற்கு உன் அனுமதியும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். அது எனக்கே தெரியும். அப்பா வந்து நாலு வருடம் ஆகிறது. அவரைக் கழுவித் துடைக்க ஒருநாள்கூட நான் உன்னைக் கூப்பிட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்கிறேன்.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. கதை எழுதாதே.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க ஜெபிக்கிறேன். முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏன் முடியாது என்று யோசித்ததில் இந்தக் கடிதம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கிழிக்காமல் கடைசிவரை படி.

அப்பா நம்மை விட்டுப் போனபோது எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினாறு. அவர் வருவார் என்று நான் சாயங்காலம் சாயங்காலம் வாசலில் போய் நிற்பேன், நீ வந்து இழுத்துக்கொண்டு போவாய். அப்புறம் அம்மா இறந்துபோனார். நீ படிப்பை விட்டு லேபில் சேர்ந்தாய். முதல் சம்பளம் வந்து நாலு மாதத்தில் எனக்குக் கிட்டார் வாங்கித் தந்தாய்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவர் திரும்பி வந்தாரே, சொந்தக்காரர்களிடம் விசாரித்து உன் வீட்டைக் கண்டுபிடித்திருப்பார் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அவர் முதலில் வந்தது என் அறைக்கு. மத்தியான நேரம். ஒரு பையை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். "சின்னவனே" என்றார். நான் நிலைப்படியில் நின்றபடியே பேசினேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் கூட்டத்து நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் உன் விலாசத்தை எழுதி, பஸ் காசோடு கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அப்புறம் நீ போன் செய்தாய். "வந்து நிக்கிறாருடா. என்னால வீட்டுக்குள்ள விட முடியல" என்று அழுதாய். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜில் அறை எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னாய். மூன்று வாரம் போயிற்று. நீ கைவிட்டால் என்னிடம்தான் திரும்பி வருவார் என்று எனக்கு ஒரே பயம்.

அந்தச் சமயத்தில்தான் உன் ஊரில் எங்கள் கூட்டம், செப்டம்பர் இருபத்தேழு. வருகிறேன் என்று உனக்குச் சொல்லவில்லை. நீயாகவே வந்திருந்தாய். மூன்றாவது வரிசையில், பழுப்புக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. அழைப்பு நேரத்தில் மைக் அண்ணன் கையை விரித்துக் காட்டினார். நான் கதவைத் திறக்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டு அந்தச் சோகமான கார்டிலேயே நின்றேன். வழக்கமாக நாலு சுற்று வாசிப்பேன். அன்று பதினாறு. மைக் அண்ணன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மெள்ள, உனக்கென்றே, திறந்தேன்.

நீ எழுந்தாய், அக்கா. கூட்டத்தோடு கூட்டமாக முன்னால் வந்தாய். என் எதிரே நின்று அழுதாய். நான் குனிந்து பெடல்களைப் பார்த்துக்கொண்டேன். கடைசிப் பாட்டு முடிவதற்குள் மேடைக்குப் பின்னால் இறங்கி வேனில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நீ அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போனாய். இதுவரைக்கும் அது தேவன் செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கார் நம்பருக்கு எழுந்து வந்தவர்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. அன்று உன்னை எழுப்பியது நான்தான். என் சுமையை என் கிட்டாரால் உன் தலையில் ஏற்றினேன். இப்போது உன் கை இரண்டும் போனதற்கு லேப் மோட்டார் மட்டுமா காரணம்?

அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு வருவேன்?

தம்பி

*

மே 14

அக்காவுக்கு,

நலமா? என் கடிதம் வந்து சேர்ந்ததா? மூன்று ஊர் தபால் நிலையத்தில் விசாரித்துவிட்டேன், உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நேற்று போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். "அக்கா வேலைக்குப் போயிருக்கா" என்றார். நான் வைத்துவிட்டேன்.

மைக் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மைதானப் பதிவுக்கு வேறு ஒருவர் வாசிப்பார், என் இடங்களை எல்லாம் அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டேன். பத்து வருடமாகக் காத்திருந்த நாள். மைக் அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். "போயிட்டு வா, போனமா வந்தமான்னு இருக்காதே" என்றார்.

நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் ஜூன் எட்டாம் தேதி வருகிறேன்.

தம்பி

*

மே 29

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்துக்குப் பதில் இப்போது இல்லை.

நீ வருகிற அன்றே நான் கிளம்பிவிடுவேன், பேச நேரம் இருக்காது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியை ஒட்டிய விடுதியிலேயே தங்கி விரல் பயிற்சி செய்ய வேண்டுமாம். அதனால் இதைக் கவனமாகப் படித்துக்கொள். அப்பாவை எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதே, முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கு. சட்டையை வலது கையில்தான் முதலில் மாட்ட வேண்டும். சவரம் செய்யும்போது பேச்சுக் கொடுக்காதே, பதில் சொல்லத் தாடையை ஆட்டுவார், வெட்டிவிடும். மாத்திரை ரொட்டி டப்பாவுக்குள் இருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

முக்கியமாகப் பல் செட். கழுவுவதற்கு முன்னால் வாஷ்பேசினை அடைத்துத் தண்ணீர் நிரப்பிக்கொள். கை நழுவினாலும் தண்ணீரில் விழும், உடையாது. வெறும் பேசினில் கழுவி உடைத்துக்கொண்டு எங்கள் லேபுக்கு வராத ஆள் இல்லை. அப்படி ஏதாவது ஆனால், அவருடைய ஈறுக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சு அலமாரியின் மேல் தட்டில் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அதையும் சேர்த்து லேபில் கொடு.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு அதிகம் கொடுத்துவிடாதே.

அக்கா

*

ஜூன் 26

பிரியமுள்ள அக்காவுக்கு,

இரண்டாவது கையும் நல்லபடியாக முடிந்தது என்று விடுதியிலிருந்து செய்தி வந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம். வலி எப்படி இருக்கிறது? யார் ஊட்டிவிடுகிறார்கள்?

முதல் மூன்று நாள் நானும் அப்பாவும் பேசியதை ஒரு தபால் தலைக்குப் பின்னால் எழுதிவிடலாம். "கைய தூக்குங்க." "ம்." "அடுத்த கை." "ம்." நாலாம் நாள் சவரம் செய்தபோது நீ சொன்னதை மறந்து பேச்சுக் கொடுத்துவிட்டேன். தாடையில் ஒரு கீறல். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். "சின்னவனே, அன்னைக்கு என்னை வாசல்ல நிக்க வெச்சியே, அது சரிதான்" என்றார். நான் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் உன்னை எத்தனை வருஷம் வாசல்ல நிக்க வெச்சேன்" என்றார். பஞ்சை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன், ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தேன். கதவையும் வாசித்தேன். ஒரு மைதானத்தையே எழுப்புகிற இடத்தில் அப்பா குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். நிறுத்தினால் மட்டும் கண்ணைத் திறந்து, "ஏன்டா நிறுத்திட்ட?" என்கிறார்.

இனி அவமானப் படலம். பல் செட்டை உடைத்துவிட்டேன். வெறும் பேசினில்தான். சிரித்துக்கொள். அச்சை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். ஒட்டிக்கொடுத்த பெண், கீழ் வரிசையில் ஒரு பல் கோணலாக இருக்கிறது, நேராக்கித் தரட்டுமா என்று கேட்டாள். முதலாளியம்மா விடவில்லை. "அது அவ வேணும்னே சாய்ச்சு வெச்சது. அவங்க அப்பாவுக்குச் சின்ன வயசுல அப்படித்தான் இருந்துச்சாம்" என்றார்.

அக்கா, அந்த அச்சைத் திருப்பிப் பார்த்தேன். லேப் அலமாரியில் இருக்கிற அச்சுகளின் அடியில் எல்லாம் பேரும் எண்ணும் தேதியும் பென்சிலால் எழுதியிருக்கிறது. இதில் உன் கையெழுத்தில் 'அப்பா' என்று மட்டும் இருக்கிறது. தேதி செப்டம்பர் பதினாறு.

எங்கள் கூட்டம் நடந்தது செப்டம்பர் இருபத்தேழு. எனக்கு எந்தத் தேதி மறந்தாலும் அது மறக்காது. பதினொரு நாள் முன்னாலேயே நீ அவருக்குப் பல் கட்ட ஆரம்பித்துவிட்டாயா? அப்படியானால் அன்று ஏன் எழுந்து வந்தாய்? ஏன் அழுதாய்?

உன் அன்புத் தம்பி

*

ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல, பயிற்சி கொடுக்கிற நர்ஸ் எழுதுகிறார். இரண்டு கையிலும் கட்டு, மூக்கு அரித்தால்கூட ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது. மற்றபடி சுகம். உங்கள் இருவர் சுகத்தையும் விசாரித்ததாகச் சொல். பல் செட்டை உடைப்பாய் என்று தெரியும், அதனால்தான் அச்சு இருக்கிற இடத்தை எழுதினேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் ஏப்ரல் கடிதத்தில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அப்பா என்னிடம் நீட்டிய நோட்டீஸில் விலாசம் உன் கையெழுத்தில் இருந்தது. உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளுக்கு உன் கையெழுத்து தெரியாதா? அதைத் திருப்பினால் முன்பக்கத்தில் உங்கள் கூட்டங்களின் பட்டியல். என் ஊரும் இருந்தது. நீ வருவது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

லாட்ஜில் விட்ட முதல் வாரம், எதிரே டீக்கடையில் அவர் ரொட்டியை டீயில் ஊறவைத்துச் சாப்பிடுவதைப் பார்த்தேன். வாயில் ஒரு பல்கூட இல்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டில் சேர்க்க வேண்டாம், பல்லாவது கட்டிவிட்டு அனுப்பிவிடுவோம் என்று லேபுக்குக் கூட்டிப்போனேன். அளவு எடுக்க அவர் வாய்க்குள் விரலை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, என்னை முழுசாக நம்பி, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பதினாறு வயதிலிருந்து வைத்திருந்த கோபம், தம்பி. கையை வெளியே எடுத்தபோது அதைத் தேடினேன், இல்லை. தேவன் எங்கே இருந்தார் என்று நீயும் உன் மைக் அண்ணனும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசியுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அங்கே கிட்டார் எதுவும் வாசிக்கவில்லை. பாலிஷ் மோட்டார்தான் ஓடிக்கொண்டிருந்தது.

செட் முடியப் பத்து நாள் ஆயிற்று. கட்டில் வாங்கினேன். மறுநாள் அவரை வீட்டுக்குக் கூட்டி வருவதாக இருந்தேன். நீயும் வந்தால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று உன்னிடம் சொல்லத்தான் கூட்டத்துக்கு வந்தேன். வாசிப்பதை எப்போது நிறுத்துவாய், எப்போது பேசலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ நிறுத்துகிற வழியாக இல்லை. அப்போது எல்லோரும் எழுந்து மேடைப் பக்கம் போனார்கள். மேடைக்குப் போக இதுதான் வழி என்று நானும் எழுந்தேன். உன் கதவு கிதவு எதுவும் எனக்குத் தெரியாது.

(இங்கே அக்கா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். - நர்ஸ்)

உனக்கு நேர் எதிரே வந்து நின்றேன். கையைக்கூட ஆட்டினேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். அப்போதுதான் அழுதேன்.

இதையெல்லாம் ஏப்ரலிலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் நிம்மதிப் பெருமூச்சு விட்டு அங்கேயே இருந்துவிடுவாய். பெரிய பதிவு உன் கையை விட்டுப் போகும் என்று தெரிந்தும்தான் எழுதவில்லை. அக்கா அவ்வளவு நல்லவள் இல்லை, வாசலில் நிறுத்தியதற்கும் குனிந்துகொண்டதற்கும் சேர்த்து ஆறு வாரம் உட்காரட்டும் என்று நினைத்தேன். (இதை எழுத வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். - நர்ஸ்)

இருபதாம் தேதி வருகிறேன். மூன்று பேருக்கும் நீயே சமைத்து வை. நாலு வருடம் தள்ளிப்போன சாப்பாடு, கருக்கிவிடாதே.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 11

பிரியமுள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். படித்துவிட்டு உள்ளே வர நேரமாயிற்று. அப்பா, "யாருடா?" என்றார். "அக்கா" என்றேன். "என்னவாம்?" என்றார். "இருபதாம் தேதி சாப்பிட வர்றாளாம்" என்றேன். அன்றிலிருந்து தினமும் பல் செட்டைத் தானே கழுவுகிறார், ஒற்றைக் கையால். பேசினில் தண்ணீர் நிரப்புவது என் வேலை.

மைக் அண்ணன் எழுதியிருக்கிறார். மைதானப் பதிவில் புது ஆள் கதவைச் சீக்கிரமே திறந்துவிட்டாராம், பிரசங்கம் பாதியிலேயே ஜனங்கள் வந்து நின்றுவிட்டார்களாம். ஆகஸ்டில் திரும்பி வரச் சொல்கிறார். போவேன். கதவையும் வாசிப்பேன். யார் எதற்கு எழுந்து வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, இனிமேல் தெரிந்தவன் மாதிரி நினைக்கவும் மாட்டேன்.

பெடல்களைப் பார்க்காமல் வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன், அக்கா. பத்து வருடப் பழக்கம், கால் தடுமாறுகிறது. ஆனாலும் முன்னால் வந்து நிற்கிற ஒவ்வொருவரையும் இனி நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதில் யாராவது ஒருத்தி என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்திருக்கலாம்.

உன் தம்பி